ஜெர்மனிக்குப் பாதி தண்டம்

ஜெர்மனியாக நடிக்க வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கையைத் தூக்கவில்லை. பிரான்ஸுக்குப் போட்டி, இங்கிலாந்துக்குப் போட்டி, அமெரிக்காவுக்கு அடிதடி. "தோத்துப்போன நாட்டுக்கு என்னா மிஸ் வேஷம்? கையெழுத்துப் போட்டுட்டு எறங்கி வரதுக்கா?" என்று கேட்டான் ஒருவன். எனக்கு வந்த எரிச்சலில் நாடகமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று சாக்பீஸை மேஜைமேல் வீசினேன். அது உருண்டுபோய்க் கீழே விழுந்தது. அதைப் பொறுக்க மட்டும் நாலு பேர் ஓடி வந்தார்கள்.

2010 வாக்கில் நடந்தது. கிள்ளையைத் தாண்டி, கடலை ஒட்டிய ஒரு மீனவ ஊரின் பள்ளிக்கூடத்தில் நான் சமூக அறிவியல் டீச்சர். வீடு சிதம்பரத்தில். காலையில் என் கணவர் கடலூர் பஸ் ஏறுவார், நான் கிள்ளை பஸ் ஏறுவேன். சாயங்காலம் யார் முதலில் வீடு வந்து சேருகிறோமோ அவர்தான் சோறு வடிக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கடலூர் பஸ் எப்பவும் லேட் என்பார் அவர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டுத்தான் வருகிறார் என்பது என் சந்தேகம், இன்றுவரைக்கும் நிரூபிக்க முடியவில்லை.

நான் பிறந்தது கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து மீன் வாங்குவதோடு சரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏப்ரல் மே மாதங்களில் படகுகள் ஏன் கரையிலேயே கிடக்கின்றன என்று கேட்டுவிட்டேன். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், சர்க்கார் தடை என்று மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு விளக்கினாள். அதிலிருந்து கடல் சம்பந்தமாக வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஊர் என்று சொன்னேன், உண்மையில் இரண்டு குப்பங்கள். வடக்குக் குப்பம், தெற்குக் குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சவுக்குத் தோப்பு. பள்ளிக்கூடம் வடக்கில் இருந்தது, சுனாமிக்குப் பிறகு கட்டிய புதுக் கட்டடம். இரண்டு குப்பத்துப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள்.

அந்த வருஷம் மீன்பிடித் தடை முடிந்து படகு இறக்கியதுமே கடலில் சண்டை வந்துவிட்டது. தெற்குக்காரர்கள் விட்ட வலை, வடக்குக்காரர்கள் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்து சிதம்பரத்தில் தையல் போட்டார்கள். ஆள் ஜாஸ்தி வடக்கில்தான். தெற்கின் படகுகள் சிலதைப் பிடித்து இழுத்துவந்து தங்கள் கரையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். படகு போனால் சண்டை முடிந்த மாதிரிதான். தெற்கு தோற்றது.

சமாதானம் பேசி வைக்கக் கடலூர்ப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். இந்த ஊரிலும் வேண்டாம், அந்த ஊரிலும் வேண்டாம், பொதுவான இடத்தில் பேசுவோம் என்று சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்தார்கள். மூன்று நிபந்தனைகள். தெற்கு தண்டம் கட்ட வேண்டும். தீபாவளி வரைக்கும் ஆற்று வாய்க்கு வடக்கே வலை விடக் கூடாது. தண்டம் முழுசாகக் கட்டி முடிக்கிறவரை வடக்குக்காரர்கள் யாரும் தெற்குக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த மூன்றாவது நிபந்தனை நேரே என் பத்தாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியவர்களாவது மறந்துபோய் ஒரு வார்த்தை பேசிவிடுவார்கள். பிள்ளைகள் சட்டம் பேசுகிறதில் அவர்களை மிஞ்சிவிட்டார்கள். தெற்குப் பிள்ளை ஸ்கேல் கேட்டால் வடக்குப் பிள்ளை ஸ்கேலை பெஞ்சில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கும். எடுத்து உபயோகித்துவிட்டுத் திருப்பி வைத்தால் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, முதல் வாரம்.

தெற்கிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. பாடம் நடத்தினால் "அது எப்பிடி மிஸ்?" என்று நடுவில் நிறுத்துவாள். எனக்கு ஆத்திரம் வரும், பதில் சொல்ல வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருவேன். அவளுக்கு உயிர்த்தோழி ஒருத்தி, வடக்குக்காரி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஒப்பந்தத்துக்குப் பிறகும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு புத்தகப்பையை வைத்துக்கொண்டு. எதுவும் பேசுவதில்லை. கெட்டிக்காரி கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டாள். என் பாடம் ஒரு தடையும் இல்லாமல் ஓடியது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஜூலையில் அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கறுத்து ஒல்லியான மனிதர், புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு. டி.சி. வேண்டும் என்றார்.

"பேச ஆள் இல்லாத எடத்துல என் பொண்ணு எதுக்கு டீச்சர் உக்காரணும்? பெண்ணாடத்துல என் தங்கச்சி இருக்கு. மச்சான் சர்க்கரை ஆலையில வேலை பாக்குறாரு. அங்க வெச்சிப் படிக்க வெக்கிறேன்னாங்க."

தங்கச்சிக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. அதை அந்தப் பெண்ணே என்னிடம் முன்னாடி சொல்லியிருந்தாள். இரட்டைக் குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு பதினைந்து வயசுப் பெண்ணை அனுப்பினால் அவள் எதைப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். என் அக்காவுக்கு அப்படித்தான் படிப்பு நின்றது. அவரிடம் இதைச் சொன்னால் "என் தங்கச்சியைத் தப்பாப் பேசாதீங்க" என்பார். அதனால் வேறு மாதிரி சொன்னேன்.

"சுதந்திர தின விழா வருதுங்க. உங்க பொண்ணு நாடகத்துல இருக்கா. அது முடியட்டும், கையோட குடுத்துடறேன்."

"என்னா நாடகம்?"

ஒரு நாடகமும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "முதல் உலகப் போருங்க." அன்றைக்குக் காலையில் நடத்திய பாடம் அதுதான்.

அவர் யோசித்துவிட்டு, "சரி, ஆகஸ்ட் பதினஞ்சோட சரி," என்று போனார். தலைமை ஆசிரியர் தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது அவருக்கு, அதுவரை ஒரு வம்பும் வராமல் இருந்தால் போதும் என்கிற மனிதர். "டி.சி. கேட்டா குடுத்துடுங்க டீச்சர். அது சரி, நம்ம சுதந்திர தினத்துல ஜெர்மனிக்காரனுக்கு என்ன வேலை?" என்றார். "போர் முடிஞ்ச காட்சிதான் சார், எல்லாம் சமாதானம்," என்றேன். சமாதானம் என்ற சொல் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

இப்படித்தான் எனக்கு ஒரு நாடகம் வேண்டியதாகிவிட்டது.

பாடத்தை நடத்தியபோதே வகுப்பு கொஞ்சம் கூர்மையாகத்தான் கேட்டிருந்தது. வெர்சேல்ஸ் உடன்படிக்கை. ஜெர்மனி நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், படையைக் குறைக்க வேண்டும், போருக்கு நான்தான் காரணம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இழப்பீடு கட்ட வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் பாதி வகுப்பு கொட்டாவி விடும். அந்த வருஷம் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. நீர்மூழ்கிக் கப்பலே வைத்துக்கொள்ளக் கூடாது என்றதும், "அய்யய்யோ, படகையுமா புடிச்சிக்கிட்டாங்க?" என்று பின் பெஞ்சிலிருந்து நிஜமான வருத்தத்தோடு ஒரு குரல் வந்தது. இழப்பீடு என்று நான் எழுதிப் போட்டதை எல்லாரும் நோட்டில் தண்டம் என்று எழுதிக்கொண்டார்கள். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் நானும் தண்டம் என்றே சொல்லத் தொடங்கினேன்.

சாக்பீஸை வீசிய கதைக்கு வருகிறேன். எல்லாரும் சாக்பீஸைப் பொறுக்கி முடித்து உட்கார்ந்தபின் கெட்டிக்காரி எழுந்தாள்.

"நான் ஜெர்மனியா இருக்கேன் மிஸ். எங்களுக்குத்தான் பழகிப்போச்சே."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி புத்தகப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "நான் பிரான்ஸ்," என்றாள். அதற்கு முன்னால் பிரான்ஸுக்குக் கையைத் தூக்கியிருந்தவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள். வடக்குக் குப்பத்தின் நாட்டார் அவளுக்குப் பெரியப்பா. நாட்டார் என்றால் குப்பத்தின் தலைவர், ஊர்க்கூட்டத்தில் அவர் சொன்னது சொன்னதுதான்.

ஒத்திகை எல்லாம் நன்றாகவே நடந்தது. நாடகத்தில் வசனம் பேசலாம், அது பேச்சு வைத்துக்கொண்டதாக ஆகாது என்று பிள்ளைகளே தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். பிரான்ஸ் ஜெர்மனியைப் பார்த்து, "எங்கள் மண்ணை மிதித்தாய் அல்லவா! கையெழுத்துப் போடு!" என்று கத்த வேண்டும். தினமும் கத்தினாள், நல்ல குரல். ஜெர்மனி கையெழுத்துப் போட்டுத் தலையைத் தொங்கப் போட வேண்டும். தினமும் போட்டாள். அதோடு முதல் காட்சி முடியும். இரண்டாவது காட்சியில், "இந்த அவமானம்தான் இருபது வருஷத்தில் மறுபடியும் போராக வெடித்தது" என்று நான் மைக்கில் சொல்வேன், குட்டி மீசை வைத்த ஒரு பையன் குதித்து வந்து மேஜையில் குத்திக்குத்திப் பேசுவான். அவனுக்குத்தான் குஷி தாங்கவில்லை. ஒத்திகையில் இரண்டு மேஜைகளின் ஆணியைக் கழற்றிவிட்டான்.

அமெரிக்க ஜனாதிபதிக்கு என் கணவரின் கல்யாணக் கோட்டைக் கொண்டுபோனேன். "எனக்கே அது ஒருநாள்தான் பொருந்துச்சு, பாத்து," என்று கொடுத்தார்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விழா முடிந்தால் டி.சி. கொடுத்தாக வேண்டும். நானாகக் கெடு வைத்து நானாகவே மாட்டிக்கொண்டேன். பெண்ணாடத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கும், தங்கச்சியும் நல்ல மாதிரியாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரட்டைக் குழந்தைகள் இரண்டும் ஒரே நேரத்தில் அழுகிற சத்தம்தான் காதில் கேட்டது. கணவர், "ஒரு பொண்ணு போனா போகட்டும், ஊர் விவகாரத்துல நீ என்ன பண்ண முடியும்?" என்றார். அன்றைக்கு நான்தான் முதலில் வீடு திரும்பியிருந்தேன், ஆனாலும் அவரையே சோறு வடிக்க வைத்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரில் மணலில் ஜனம் உட்கார்ந்தது. வலது பக்கம் வடக்குக்காரர்கள், இடது பக்கம் தெற்குக்காரர்கள், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. பரிசு கொடுக்க வந்த நாட்டாருக்கு முன்வரிசையில் நாற்காலி, பக்கத்தில் தலைமை ஆசிரியர். நாட்டார் கையில் ஒரு கலர் பாட்டில். ஜெர்மனியின் அப்பா உட்காரவில்லை. இடது பக்கம் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் எதற்காகக் காத்து நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு பாட்டு, ஒரு டான்ஸ், பிறகு எங்கள் நாடகம். கோட்டுக்குள் காணாமல் போயிருந்த அமெரிக்கா, சார்ட்டைப் பிரித்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்தது. படைக் குறைப்பு. நிலம். குற்றத்தை ஒத்துக்கொள்வது. கூட்டம் பேச்சை நிறுத்திக் கேட்டது. இறுதியாகத் தண்டம். இத்தனை கோடி என்று அவன் சொன்னதும் தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "எப்பிடிப்பா கட்டுவான்?" என்றாள்.

ஜெர்மனி பேனாவை எடுத்தாள். ஒத்திகையில் சட்டென்று போட்டுவிடுகிறவள், அன்றைக்குப் பேனாவைப் பிடித்தபடி அப்பா நின்ற பக்கம் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து நான் "போடு, போடு" என்று கிசுகிசுத்தேன்.

பிரான்ஸ் முன்னால் வந்தாள். "கையெழுத்துப் போடு!" என்று கத்தப் போகிறாள் என்று மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவள் கத்தவில்லை. தலையிலிருந்த காகிதத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அமெரிக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, அடியும் பட்டு, தோத்தும் போயி நிக்கிறாங்க. கொஞ்சம் கொறைச்சிக் குடுங்க."

எழுதிக்கொடுத்த வசனம் ஒரு வரி, அதையும் மறந்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். அமெரிக்கா கோட்டு பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. தலைமை ஆசிரியரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்த நாட்டார், பேச்சை நிறுத்தாமலே, மேடையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லாமல், கலர் பாட்டில் பிடித்த கையைத் தூக்கி,

"சரி சரி, பாதியத் தள்ளுங்க. மீதியக் கட்டிட்டுப் போவட்டும். எந்திரிங்கப்பா," என்றார்.

உடனே மொத்தக் கூட்டமும் எழுந்தது. இரண்டு பக்கமும். வேட்டியிலும் புடவையிலும் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எல்லாரும் கிளம்ப ஆயத்தமாகிவிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு "உக்காருங்க, இன்னும் ஒரு காட்சி இருக்கு," என்று நான் கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம்தான் ஒவ்வொருவராக நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாட்டாரும் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே நின்றார். பிறகு வடக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, அவ்வளவுதான், இரண்டு பக்கமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

திரைக்குப் பின்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. குட்டி மீசைப் பையன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். "எங்கம்மா மீசை வரைஞ்சி உட்டாங்க மிஸ், நான் எப்ப சண்டை போடறது?" என்றான். சண்டைக்கு இனிமேல் காரணமே இல்லையப்பா, பாதி தண்டம் தள்ளுபடியாகிவிட்டது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? அழுததில் மீசை வேறு கன்னம் வரைக்கும் வந்துவிட்டது.

பிரான்ஸை ஓரமாக இழுத்துப் பிடித்தேன். "ஏன்டி வசனத்தை மாத்தின?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "தண்டம் சொன்னா ஜெயிச்சவங்க சைடுல ஒருத்தர் எந்திரிச்சுக் கொறைக்கக் கேக்கணும்ல மிஸ்? நீங்க எழுத மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

ஊர்க்கூட்டத்தில் அதுதான் வழக்கமாம். தண்டம் எவ்வளவு என்று சொன்ன உடனே ஜெயித்த பக்கத்திலிருந்து ஒருவர் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து, தோற்றவனுக்காகக் கேட்பார். தலைவர் அங்கேயே குறைப்பார். உடனே எல்லாரும் மணலைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். அத்தோடு சண்டை முடிந்தது, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. கேட்கிறவர் இல்லாமல் கூட்டம் கலைந்தால் அது முடிந்த கணக்கில்லை. "அப்ப மண்டபத்துல யாரும் கேக்கலியா?" என்றேன். கேட்க நேரமில்லையாம். அன்று சாயங்காலம் அங்கே ஒரு ரிசப்ஷன். நிபந்தனையைப் படித்து முடிக்கும்போதே பூ அலங்காரக்காரர்கள் ஏணியோடு உள்ளே வந்துவிட்டார்கள். தெற்குக்காரர்களை அதுவரைக்கும் மணமகன் அறையில் உட்கார வைத்திருந்தார்கள், நாலு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. வெர்சேல்ஸ் அரண்மனையில் ஜெர்மனி கையெழுத்துப் போட்டதும் கண்ணாடி மண்டபத்தில்தான். இதைக் கேட்டு நான் மட்டும் தனியாகச் சிரித்தேன், பிரான்ஸுக்கு என்னவென்று புரியவில்லை.

நிஜமாகவே ஜெர்மனிக்காகத்தான் கேட்டாளா, இல்லை தோழிக்காகவா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாட்கள் ஊரில் இதே பேச்சுதான். பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் விவாதம் நடந்துகொண்டிருக்கும். "அது டிராமா மாமா. டிராமாவுல சொன்னதுக்கு எவன் கொறைப்பான்?" என்பார் வடக்குக்காரர் ஒருவர். "ரெண்டு ஊரும் உக்காந்திருந்துச்சா இல்லியா? நம்ம பக்கத்துப் புள்ள எந்திரிச்சுக் கேட்டுச்சா இல்லியா? நாட்டாரு சொன்னாரா இல்லியா?" என்பார் இன்னொருவர், அவரும் வடக்குக்காரர்தான். "ஜெர்மனிக்காரனுக்குத்தானேப்பா சொன்னாரு!" "ஜெர்மனிக்காரன் கையிலேர்ந்து நீ வாங்கப்போறியா?"

நாட்டார்தான் பாவம். வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் ஊர் கூடின இடத்தில் நாட்டாருக்கு வாய் தவறியது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எப்போது சொன்னாலும் அதைத்தான் சொல்வார்கள். ஒருநாள் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். வகுப்பு வாசலில் நின்றபடியே கேட்டார்.

"டீச்சர், அந்த ஜெர்மன்காரன் அப்பிடி என்னாதான் தப்புப் பண்ணான்?"

சொன்னேன். பக்கத்து நாட்டுக்குள் புகுந்தது, ஊர்களை எரித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "அவனுக்கே பாதி தள்ளிட்டேன்," என்றார் கடைசியில். "இவனுங்க வலையத்தான் அறுத்தானுங்க." சொல்லிவிட்டு, ஏதோ நான்தான் பிடிவாதம் பிடித்ததுபோல என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். மீதித் தண்டத்தைத் தெற்கு அந்த வாரமே கட்டியது. பேச்சுத் தடை தானாகவே போயிற்று. வகுப்பில் இரைச்சல் தாங்கமுடியவில்லை, இரண்டு மாதப் பேச்சையும் ஒரே நாளில் பேசித் தீர்த்தார்கள். ஆனால் ஜெர்மனிப் பெண் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

பெண்ணாடத்துக்கே போய்விட்டாளோ என்று பயந்தேன். டி.சி. இல்லாமல் எங்கே சேர்க்க முடியும் என்று ஒருபக்கம் தைரியம், சேர்க்கவே மாட்டார்களே, வீட்டோடு வைத்துக்கொள்வார்களே என்று மறுபக்கம் கவலை. திங்கட்கிழமை காலையில் அவள் அப்பா பள்ளிக்கூட கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். தனியாக. நான் கும்பிட்டேன்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்," என்றார். "அன்னிக்கிப் புள்ளைங்க போட்டது மாதிரிதான் நெசத்துலயும் நடந்துச்சா? அவனுக்குப் பாதி கொறைச்சாங்களா?"

பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. டீச்சர் வேலை அதற்கு விடவில்லை. "இல்லீங்க," என்றேன். "ஒண்ணு ரெண்டு பேரு கேட்டுப் பாத்தாங்க. யாரும் காதுல வாங்கல. அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சாங்க."

"ரொம்ப வருஷம் கழிச்சா?" அவர் முகம் சுளித்தது. "அப்பறம் கொறைச்சி என்னாங்க புண்ணியம்? அங்கியே, அப்பவே கொறைக்கணும். ஊட்டுக்குப் போயி படுத்துட்டா மனசு வெந்துபூடுமே." புருவத்துத் தழும்பை விரலால் தடவிக்கொண்டார். "அதுக்கப்பறம் என்னா ஆச்சி அவுங்களுக்கு?"

"மறுபடியும் சண்டைங்க. இதைவிடப் பெருசு. கோடிக்கணக்குல செத்தாங்க."

அவர் கடல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு சவுக்குத் தோப்பைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார், "ஏ, வா!" என்று. பேச்சு காதில் விழுகிற தூரத்தில் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தவள் யூனிஃபார்மும் பையுமாக வந்தாள், பக்கத்தில் பிரான்ஸ். ஒரு வாரம் காய்ச்சல் டீச்சர், அதான் வரல என்றார் அப்பா. அவள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, "கேட்டாங்கன்னு சொன்னீங்களே மிஸ், அந்த ஒண்ணு ரெண்டு பேரு யாரு? அவுங்க பேச்ச ஏன் யாரும் கேக்கல?" என்றாள்.

நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அதைச் சொன்னதே இல்லை.